சிக்னல் போதுமான அளவில் உள்ளது

"பார்வையில் காணும் தங்கள் மனுவின்பேரில் மேற்படி பேருந்து நிறுத்தத்தில் கள ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. ஆய்வின்போது சிக்னல் போதுமான அளவில் உள்ளது எனக் கண்டறியப்பட்டது. எனவே மனு முடிவுற்றதாகக் கருதப்படுகிறது."

இந்தக் கடிதத்தின் தலைப்பில் இருந்த தேதி நான்கு. உறையில் விழுந்திருந்த முத்திரை பதினொன்று. என் கடைக்கு அது வந்து சேர்ந்தது பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை 11.20. மூன்றும் ஒரே மாதம். மூன்றையும் கடிதத்தின் பின்புறம் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். பேனாவால் எழுதினால் ஆவணம் கெட்டுவிடும்.

நாங்கள் கேட்டது அந்தச் சிக்னல் இல்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று எரியுமே, அது. சாலையைக் கடப்பதற்கு. ஆய்வுக்கு வந்தவர்கள் கைபேசியைத் தூக்கிப் பார்த்து, கோடுகளை எண்ணிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவர்கள்மேல் தப்பில்லை. மனுவின் முதல் படியில் "போக்குவரத்து சிக்னல் விளக்கு" என்றுதான் இருந்தது. ஆனால் ஒன்றரை வரி இரண்டாம் பக்கத்துக்கு வழிந்தது. இரண்டு பக்க மனுவை யாரும் படிப்பதில்லை என்பது என் கருத்து. முன்னால் ஒரு சொல்லையும் பின்னால் ஒரு சொல்லையும் எல்லா இடத்திலும் நான்தான் அடித்து நீக்கினேன். "சிக்னல் என்றால் யாருக்கும் புரியும்" என்று அப்போது சொல்லவும் செய்தேன். புரிந்தது. "எங்கள் நிறுத்தத்தில் சிக்னல் இல்லாததால் வேலைக்குச் செல்லும் பெண்கள் தினமும் அரை மணி நேரம் காத்து நிற்கிறார்கள்" என்ற வாக்கியத்தை இப்போது படித்தால் எனக்கே செல்போன் கோபுரம்தான் ஞாபகம் வருகிறது.

கோவளத்துக்குத் தெற்கே, மாமல்லபுரம் போகிற வண்டிகள் வேகம் எடுக்கிற இடத்தில் இருக்கிறது எங்கள் நிறுத்தம். ஊர் கடல் பக்கம். வடக்கே போகிற பேருந்துகள் நிற்பது எதிர்ப்பக்கம். டீக்கடை, மாவு மில், காய்கறிக்கடை, மருந்துக்கடை எல்லாமே எதிர்ப்பக்கம். ஊர்ப்பக்கம் இருப்பது என் ஜெராக்ஸ் கடையும் அதை ஒட்டிய நிழற்குடையும்தான். சனி, ஞாயிறு காலையில் சென்னையிலிருந்து பைக்குகள் கூட்டமாகப் பறந்துவரும். மாமல்லபுரத்தில் நாஸ்தா சாப்பிட அவ்வளவு அவசரம்.

நிழற்குடையில் மாலைநேரங்களில் பதினோரு இளைஞர்கள் கூடுவார்கள். யாருக்கும் முப்பது ஆகவில்லை. ஊர் உலகத்தில் எங்கெங்கே இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள், எந்த நாட்டில் எந்த மந்திரி இறங்கினார் என்று கைபேசியில் பார்த்துப் பேசுவார்கள். உள்ளாட்சித் தேர்தல் எப்போது வரும், வந்தால் யார் நிற்பது என்பதும் அங்கே தினசரிப் பேச்சு. மெரினாவில் கூட்டம் கூடிய அந்தத் தையில் நானும் இருந்தேன் என்பான் அவர்களில் ஒருவன். பார்சல் டெலிவரி வேலை பார்ப்பவன். "மெரினா போற பஸ்ல தூங்கி டெப்போவுல எழுந்தவன் இவன்" என்பார்கள் மற்றவர்கள். இரண்டு தரப்புக்கும் சாட்சி இல்லை. இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன்.

கடிதத்தைச் சத்தமாகப் படித்ததும் அவன்தான். படித்து முடித்துவிட்டுக் கைபேசியை நிழற்குடையின் நான்கு மூலைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு என்னிடம் சொன்னான்.

"தப்பு சொல்லக் கூடாது பாய். ஃபுல்லா கீது. நாலு கோடு."

"அந்தாண்ட மூலையில மூணுதான்டா."

"அப்போ மூணுக்கு ஒரு மனு போடு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். என் சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமாகவே நின்றது. பதினோரு பேரில் ஒருத்தி மட்டும் சிரிக்கவே இல்லை. மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சிப் பணியாளராக இருந்தவள். வயது இருபத்திரண்டு.

"சிரிங்க. நல்லா சிரிங்க. எனக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் கீது" என்றாள்.

பதினெட்டு நாளின் கணக்கு எங்கள் எல்லோருக்கும் தெரியும்: அவள் பயிற்சி முடிய அவ்வளவு நாள் பாக்கி. பயிற்சிக் காலத்தில் மூன்று முறை தாமதமாக வந்தால் வேலை நிரந்தரமாகாது. அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தன. இரண்டும் இந்தச் சாலையில் விழுந்தவை. கம்பெனிப் பேருந்து காலை 6.20க்கு எதிர்ப்பக்கம் வரும். ஒரு நிமிடம் நிற்கும். இந்தப் பக்கம் நின்றபடி அது கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்த நாள்கள் இரண்டு. ஊரில் அதே பேருந்தில் போகும் பெண்கள் ஏழு பேர். மற்ற ஆறு பேர் ஓடிக் கடந்தார்கள். இவள் ஓட மாட்டாள். முந்தைய வருடம் ஓடிக் கடந்தபோது ஒரு கார் இடித்து இடதுகால் முறிந்து, அதில் இன்னும் கம்பி இருக்கிறது.

"மறியல் பண்ணிடலாம்" என்றான் டெலிவரிக்காரன்.

"கேஸ் போடுவான். எஃப்.ஐ.ஆர்.ல பேரு வந்தா கம்பெனி கேட்டுலயே நிறுத்திடுவான். அப்பால மூணாவது லேட்டே தேவையில்ல" என்றாள் அவள்.

இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒருவன் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தான். இன்னொருவன் போலீஸ் வேலைக்கே பரீட்சை எழுதியிருந்தான்.

"உண்ணாவிரதம்?"

"யாரு, நீயா? நாஸ்தா லேட்டானாலே உனுக்குப் பேஜாரு."

அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாய், ரோட்டுல உக்காந்தா கேஸு. ரோட்டை க்ராஸ் பண்ணா கேஸா?"

கோடு போட்ட இடத்தில் நடப்பவருக்கே முதல் உரிமை, வண்டி நின்று வழிவிட வேண்டும் என்று நான் படித்திருந்தேன். எதில், எந்தப் பக்கத்தில் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"பக்கம் வாணாம் பாய். உண்டா, இல்லியா?"

"உண்டு."

"அப்ப க்ராஸ் பண்ணுவோம். பண்ணிக்கினே இருப்போம்."

அன்று மாலை 6.05க்கு முடிவானது இது. விதிகளும் அப்போதே பேசப்பட்டன. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். கோஷம் இல்லை, கொடி இல்லை. நடுவில் நிற்கக் கூடாது. கோட்டை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. யாரும் பொய் சொல்லக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் எல்லோரையும் படுத்தியது. ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அந்தப் பக்கம் ஓர் உண்மையான வேலை இருக்க வேண்டும். போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டும். அந்தக் காரணங்களை நேரத்தோடு எழுதிவைப்பது என் பொறுப்பு.

"நாங்க தும்முனாலும் டைம் போடுற ஆளு. உனுக்குன்னே செஞ்ச வேலை பாய்" என்றான் டெலிவரிக்காரன்.

ஒரு சிக்கல் இருந்தது. கோடு எங்கே? நான்கு வருடங்களுக்கு முன் வெள்ளைக் கோடுகள் போட்டார்கள். போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. கடற்காற்று அடித்துக் கொண்டுவரும் மணல் அதன்மேல் படிந்து, லாரி ஏறி ஏறி இறுகி, சாலை முழுக்க ஒரே நிறமாகிவிட்டது. நாமே பெயிண்ட் அடித்தால் அரசு சாலையைச் சேதப்படுத்தியதாக வழக்கு வரும். பெருக்கினால்? பெருக்குவதற்கு எதிராக நான் படித்த எதிலும் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம், வண்டிகள் குறைவாக இருக்கும் நேரம் பார்த்து, துடைப்பமும் தேங்காய் நாரும் தண்ணீர்க் குடமுமாக நான்கு பேர் இறங்கினார்கள். நாற்பது நிமிடத்தில் கோடுகள் வெளியே வந்தன. மொத்தம் பதினாறு. ஒன்றின்மேல் யாரோ பெயிண்ட் காய்வதற்குள் செருப்புக் காலோடு நடந்த தடம்கூட அப்படியே இருந்தது.

சனிக்கிழமை காலை 5.45க்கு ஆரம்பித்தோம். 6.15க்கு முடித்துவிடுவது, அவள் நிதானமாகப் போய் 6.20 பேருந்தில் ஏறுவது என்பது திட்டம். திட்டத்தில் அந்தப் பதினோரு பேரும் நானும்தான் இருந்தோம்.

காரணப் பதிவிலிருந்து சில வரிகளைத் தருகிறேன். "5.46: கொத்தமல்லி வாங்க. 5.49: வாங்கிய கொத்தமல்லியை வீட்டில் கொடுக்க. 5.52: கறிவேப்பிலை கேட்க மறந்ததால். 5.53: டீ. 5.58: டீயில் சர்க்கரை இல்லை என்று சொல்ல, பாதி வழியில் ஞாபகம் வந்து." காய்கறிக்கடைக்காரர் அன்று ஒருவருக்கு ஒரு தடவையில் ஒரு பொருள்தான் என்று தானாகவே முடிவு செய்துவிட்டார். இஞ்சி வேண்டுமா, போய்க் கொடுத்துவிட்டு மறுபடி வா.

ஐந்து ஐம்பதுக்கெல்லாம் வண்டிகள் இரண்டு பக்கமும் நிற்க ஆரம்பித்தன. ஹாரன் சத்தம் கேட்டு ஊர் எழுந்தது. எழுந்தவர்களுக்கும் எதிர்ப்பக்கம் வேலை இருந்தது. மாவு மில்லுக்கு, மருந்துக்கடைக்கு, சர்ச்சுக்குப் போகும் பேருந்தைப் பிடிக்க. ஆறு மணிக்கு நான் எழுதிய வரிசையில் முப்பதுக்கு மேல் ஆட்கள். கவசம் மாதிரி ஜாக்கெட் போட்ட ஒரு பைக்காரர் ஹெல்மெட்டைத் தூக்கிக் கேட்டார்.

"ப்ரோ, இங்க என்ன நடக்குது?"

"நாங்கதான் ப்ரோ நடக்குறோம்" என்றான் டெலிவரிக்காரன், கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு.

6.04க்கு எங்கள் பகுதிக் கட்சிக்காரர் ஒருவர் நான்கு ஆட்களோடு வந்தார். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. வேட்டிக்கரை பளிச்சென்று இருந்தது. கொடி தருகிறேன், மைக் தருகிறேன், டீ சொல்கிறேன் என்றார்.

"ஒண்ணும் வாணாம்ணே. க்ராஸ் பண்றீங்களா?" என்றாள் அவள்.

"பண்றேன். எழுதிக்கோ. மக்களைச் சந்திக்க."

"அது நெஜ வேலை இல்லண்ணே. உங்களுக்கு அந்தாண்ட இன்னா வேணும்?"

அவர் வெகுநேரம் யோசித்தார். நான் பேனாவோடு காத்திருந்தேன். "6.07: தீப்பெட்டி." அவருக்குப் பின்னால் நான்கு ஆட்களும் தீப்பெட்டிக்காகக் கடந்தார்கள். ஐந்து தீப்பெட்டிகள் வந்தன.

"நீயே வார்டுக்கு நின்னுடுமே. இவரே உன் பின்னாடி வர்றாரு" என்றான் டெலிவரிக்காரன்.

"இந்த ரோட்டுல நின்னா இடிச்சிட்டுப் போயிடுவான். நடக்குறேன், அதான் சேஃப்பு."

போக்குவரத்து உதவி ஆய்வாளர் வந்தது 6.11க்கு. ஜீப்பை மணலில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். தூக்கம் கலையாத முகம்.

"இன்னா இது? போராட்டமா?"

"இல்ல சார். க்ராஸ் பண்றோம்."

"தலைவர் யாரு?"

"எல்லாரும் க்ராஸ் பண்றவங்கதான் சார்."

மீன் கூடையோடு கடந்துகொண்டிருந்த ஓர் அம்மாவை அவர் நிறுத்தப் பார்த்தார். அந்த அம்மா நிற்கவில்லை. நடுவில் நிற்கக் கூடாது என்ற விதி அந்த அம்மாவின் காதுக்கும் எட்டியிருந்தது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து கூடையை இறக்கிவிட்டுக் கத்திச் சொன்னார்: "நான் இருவது வருசமா க்ராஸ் பண்ணிக்கினுதான் கீறேன் சாரு. இன்னிக்குத்தான் வண்டி நிக்கிது!"

உதவி ஆய்வாளர் என் நோட்டைப் பிடுங்கினார். நின்றபடியே படித்தார். கொத்தமல்லியிலிருந்து தீப்பெட்டி வரை ஒன்றையும் விடவில்லை. மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று எழுத எனக்கு ஆதாரம் போதாது.

"யோவ் பாய், இதுல ஒருத்தர்கூட சும்மா போவலியா?"

"இல்ல சார். சும்மா போறதுக்கு அனுமதி இல்ல."

6.15 ஆனது. நிறுத்தச் சொல்லி அவள் கையைக் காட்டினாள். பதினோரு பேரும் நின்றார்கள். ஆனால் கடக்கிறவர்கள் நிற்கவில்லை. அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை. நிஜமாகவே வேலை இருந்தவர்கள். இருபது வருடத்தில் முதல்முறையாகச் சாலை நிற்கிறது, இதை விட்டால் எப்போது கடப்பது? அண்டா தூக்கிக்கொண்டு ஒரு குடும்பம். ஆடு ஓட்டிக்கொண்டு ஒருவர். 6.20 ஆனது. கம்பெனிப் பேருந்து வரவில்லை.

தெற்கே எட்டிப் பார்த்த டெலிவரிக்காரன் ஓடிவந்தான். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

"பஸ்ஸு அங்க நிக்கிது. முன்னால நூறு வண்டி. நம்மளாலதான்."

அவள் எதிர்ப்பக்கம் மற்ற ஆறு பேரிடமிருந்து தள்ளித் தனியாக நின்றுகொண்டிருந்தாள். கம்பெனிப் பேருந்தே தாமதமானால் ஏறியவர்களுக்குத் தாமதம் விழாது. ஆனால் டிரைவர் காரணம் சொல்ல வேண்டும். மறியல் என்று அவர் சொல்லிவிட்டால், அதில் நம் கம்பெனிப் பெண்ணும் இருந்தாள் என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால், பதினெட்டு நாள் என்ன, அன்றைக்கே முடிந்துவிடும். பேருந்துவரை நடந்தே போய் டிரைவரிடம் சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னாள். உள்ளே கம்பி வைத்த காலோடு எங்கே நடப்பது?

6.34க்குப் பேருந்து கோட்டின் அருகே வந்து நின்றது. ஒரு முதியவர் மருந்துச்சீட்டோடு கடந்துகொண்டிருந்தார். டிரைவர் ஒரு கையில் கைபேசியோடு இறங்கினார். ஸ்பீக்கரில் கம்பெனிக் குரல் கத்திக்கொண்டிருந்தது. ஜன்னல்களில் முப்பது தலைகள்.

"இன்னா ரீசன்னு கேக்குறேன், சொல்ல மாட்டேன்றியே! மறியலா? யாரு பண்றாங்க?"

டிரைவர் அவளைப் பார்த்தார். தினமும் ஏற்றிப்போகிற பெண்; யார் ஆரம்பித்த வேலை என்று அவருக்கு ஊகிக்கத் தெரியாதா? பிறகு உதவி ஆய்வாளரைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கடவுளுக்குத் தேங்காயைக் கொடுப்பது மாதிரி இரண்டு கையாலும் கைபேசியை அவரிடம் நீட்டினார்.

"சார், நீங்களே சொல்லிடுங்க."

உதவி ஆய்வாளர் ஒரு கையில் என் நோட்டையும் மறு கையில் கைபேசியையும் வைத்துக்கொண்டு நின்றார். ஹாரன்கள்கூட நின்றுவிட்டதாக என் ஞாபகம். அது ஞாபகத்தின் வேலையாக இருக்கலாம். நீயா ஆரம்பித்தது என்று அவளைக் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டாள். பொய் சொல்லக் கூடாது என்பது அவளே போட்ட விதி.

"டிராஃபிக் எஸ்.ஐ. பேசுறேன்" என்றார் அவர். "மறியல்லாம் ஒண்ணும் இல்ல. பப்ளிக் க்ராஸ் பண்றாங்க. கோடு இருந்தா வண்டி நிக்கணும். ரூலு."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டது.

"எவ்ளோ நேரமா? தீப்பெட்டி வாங்குறவரைக்கும்யா" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார்.

பேருந்துக்குள் முப்பது பேரும் கைதட்டினார்கள். எதற்கு என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. மற்ற ஆறு பேரோடு அவளும் ஏறினாள். ஏறும்போது டிரைவரிடம் மெதுவாக என்னவோ சொன்னாள். "ஏறும்மா, ஏறு, நின்னா இன்னொருத்தன் க்ராஸ் பண்ணுவான்" என்று அவர் பதில் சொன்னது மட்டும் கேட்டது. 6.37க்குப் பேருந்து கிளம்பியது. உதவி ஆய்வாளர் நோட்டைத் திருப்பித் தந்தார். தந்துவிட்டு, ஒரு டீ குடிக்கலாம் என்று எதிர்ப்பக்கம் நடந்தார். அதையும் எழுதினேன். 6.39.

அடுத்த ஐந்து சனிக்கிழமைகளும் கடந்தோம். பேருந்து போன பிறகு ஆரம்பித்தோம். அந்தப் பாடம் படித்தாகிவிட்டது. ஆறாவது வாரத்தில், புதன்கிழமை, கம்பம் நட்டார்கள். மூன்று நிறம் இல்லை. மஞ்சள் மட்டும், கண் சிமிட்டுகிற மாதிரி. கூடவே இரண்டு வேகத்தடை. அன்று மாலையே கட்சிக்காரரின் நன்றி பேனர் வந்தது. தீப்பெட்டியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. வார்டு பற்றிய பேச்சு நிழற்குடையில் நிற்கவில்லை. வேட்புமனுவை யார் எழுதுவது என்று வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

பதினெட்டு நாள் முடிந்து அவள் நிரந்தரமானாள். புதிய அட்டையை நகலெடுக்க என் கடைக்குத்தான் வந்தாள். இரண்டு பக்கமும் நகலெடுத்தேன். ஆக, வேலை விஷயம் நானே கண்ணால் பார்த்த ஆவணத்தால் உறுதியாகிறது.

உறுதியாகாதது அந்தச் சனிக்கிழமை. தாமதமே விழவில்லை, எஸ்.ஐ. பேசியதோடு முடிந்தது என்கிறார் டிரைவர். அதே பேருந்தில் போகும் இன்னொரு பெண் சொல்வது வேறு: வழக்கத்துக்கு மாறாக, பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் அன்று தாமதம் போட்டார்கள், அவளுக்கு அது மூன்றாவது என்று தெரிந்ததும் மதிய இடைவேளையில் முப்பது பேரும் எழுந்து வரிசையாக, பேசாமல், அலுவலக அறையின் ஒரு கதவால் உள்ளே போய் மறு கதவால் வெளியே வந்துகொண்டே இருந்தார்கள், ஏன் என்று கேட்டதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், மூன்று மணிக்குத் தாமதத்தை எடுத்துவிட்டார்கள். அவளிடமே கேட்டேன். "எழுதாத பாய், அங்க இன்னும் வேலை செய்றாங்க எல்லாரும்" என்றாள். இது ஆமாம் என்பதா, இல்லை என்பதா? கம்பெனியின் வருகைப் பதிவை நான் பார்த்ததில்லை. பார்க்க எனக்கு வழியும் இல்லை. அந்த முப்பது பேர் அன்று அலுவலக அறையைக் கடந்தார்களா என்பது, இதை எழுதும் இன்று வரை, சரிபார்க்கப்படவில்லை.